சுண்டுவிரல்

ரேஷன் கடை மெஷினுக்கு என்னைத் தெரியாது.
கட்டைவிரல் வைத்தால் சிவப்பு,
ஆள்காட்டி வைத்தால் சிவப்பு.
"தொடச்சிட்டு வைம்மா" என்பான் கடைக்காரன்.
ஆறு வருஷமாக சிப்காட்டில்
ஷூ அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற விரல்.
எதைத் துடைப்பது?

அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டுதான்
குமிழே இல்லாத ஒரு கண்ட்ரோலர் வாங்கினேன்.
பெங்களூர்ப் பையன் பாதி விலைக்குக் கொடுத்தான்,
ஓரத்தில் மயிரிழை விரிசலோடு.
தள்ள ஒன்றுமில்லை, திருக ஒன்றுமில்லை,
எல்லாம் கண்ணாடி. தொட்டால் போதும் என்றான்.
வீட்டில் தொட்டேன். கேட்டது.
ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்து
விரல் ஊறிக் கிடந்த மத்தியானங்களில்தான்
தொட்டேன் என்பது
அப்போது உறைக்கவில்லை.

அம்மூர் மைதானம், சனிக்கிழமை ராத்திரி.
கபடி இறுதியாட்டம் முடிந்து
கோப்பையும் ஆட்டுக்கிடாவும் கொடுத்தாகிவிட்டது.
சுண்ணாம்புக் கோடு இன்னும் கலையாத மண்ணில்
ஆயிரத்துச் சொச்சம் பேர்.
பேனரில் கவுன்சிலருக்குக் கீழே, கிடாவுக்கும் கீழே,
ஸ்டாம்பு அளவில் நான்: டி.ஜே. மரகதம்.
"மரகதவல்லின்னா பாட்டு டீச்சர் மாதிரி கீது" என்று
சுருக்கியவர் சத்தார் அண்ணன்,
ஸ்பீக்கர் அடுக்கிய மேல்விஷாரத்துக்காரர்.
"பயமா கீதா?"
"இல்லண்ணா."
"எனக்குக் கீது. ஜெனரேட்டர் வாடகை நம்மளுது."

முதல் பாட்டு நன்றாகவே ஓடியது.
பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள்.
முடிய நாற்பது நொடி இருக்க
இரண்டாவதை உள்ளே இழுக்க விரல் வைத்தேன்.
கண்ணாடி கண்டுகொள்ளவில்லை.
மறுபடி. மறுபடி.
ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தேன்,
நுனியெல்லாம் பசை காய்ந்து மீன்செதில்.
முப்பது நொடி.
சுடிதாரில் தேய்த்தேன், எச்சில் தொட்டேன்,
மாட்டுக்கு ஊசி போடுகிறவள் மாதிரி குத்தினேன்.
பத்து.
ரேஷன் கடைச் சிவப்பு
கண்ணுக்குள் எரிந்தது.

உள்ளங்கை சறுக்கியது, விரிசல் பக்கம்.
அங்கே ஒரு கட்டம். விளையாட்டுக்கு
என்றோ போனில் பிடித்துப் போட்டு வைத்தது:
கம்பெனிச் சங்கு.
எட்டு ஸ்பீக்கரிலும் ஊதியது.
பாலாறு தாண்டி ஆற்காட்டுக்கே கேட்டிருக்கும்.

பாட்டு நின்றது. மைதானம் நின்றது.
எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது.
பிறகு, பெண்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப்பக்கம்
எங்கள் லைன் தெரசம்மாள் அக்கா குரல்:
"அடியே, ஷிப்ட் வுட்டாச்சுடி!"

அவ்வளவுதான்.
பாதி மைதானம் அந்தச் சங்குக்குத்தான்
தினமும் சோற்றுத் தூக்கை எடுக்கிறது.
தோல் ஊறப்போடுகிறவன், சாயம் ஏற்றுகிறவன்,
ஷூ தைக்கிறவள்,
கேட்டில் எங்கள் பையைத் துழாவுகிற செக்யூரிட்டி உட்பட
ஊவென்று எழும்பினார்கள்.
கயிறு எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்கு நேரம் கிடைத்தது.
கையைத் திருப்பிப் பார்த்தேன்.
பசை டப்பாவுக்குள் ஒருநாளும் இறங்காமல்,
பிரஷ் பிடிக்கும்போதெல்லாம்
காபி குடிக்கும் துரைசானி மாதிரி
ஒதுங்கியே நிற்கிற ஒன்று இருந்தது.
வைத்தேன்.
கண்ணாடி சட்டென்று திரும்பியது,
பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

ஒன்றேமுக்கால் மணி நேரம், ஒற்றைச் சுண்டுவிரல்.
இரண்டு பாட்டு முட்டிக்கொண்டன. ஒன்று பாதியில் செத்தது.
அதற்கும் ஆடினார்கள்.
சங்கை இன்னும் நாலு தரம் கேட்டார்கள்,
மூன்றுதான் கொடுத்தேன்.

ஒயரைச் சுருட்டியபடியே சத்தார் அண்ணன்
டீசலுக்குப் போக எண்ணூறு ரூபாய் நீட்டினார்.
எண்ண வரவில்லை.
விரல் சுளுக்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை அதே சங்கு.
வரிசையில் எனக்கு முன்னால்
நாலைந்து தோள்கள் லேசாக ஆடின.
சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.
உள்ளே போனோம்.
டப்பாவைத் திறந்து பிரஷை எடுத்தேன்,
அந்த ஒன்றை மட்டும்
இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு.